ஆடியில் காலி செய்யாதவர்கள்

அந்த நகரத்தில் பத்து நாய்களைப் பிடித்து நிறுத்தினால், ஆறின் வயிற்றில் புழுக்கள் குடியிருந்தன. மரியாதை தெரிந்தவர்கள்தான். கால்நடை மருத்துவர் குமுதவல்லி மாத்திரை கொடுத்தால், சட்டிபானையைக் கட்டிக்கொண்டு காலி செய்துவிடுவார்கள். ஆடி மாதத்தில் மட்டும் அந்தப் பேச்சு எடுபடாது.

ஜமீனுக்கு ஆடி பிறந்த பிறகுதான் வயிறு உப்பியது. தினமும் காலையில் குமுதவல்லியை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும் தெருநாய் அது. ஈறு வெளுத்து, அவள் நீட்டிய ரஸ்க்கை முகர்ந்துகூடப் பார்க்காமல் படுத்திருந்தது. ஆவணிவரை தாங்காது என்று பார்த்ததுமே தெரிந்தது. அவள் அதை மருத்துவமனைக்குத் தூக்கிப்போனாள்.

மாத்திரை கொடுத்தாள். பலனில்லை. ஸ்டெதஸ்கோப்பை அதன் வயிற்றில் வைத்தபோது, உள்ளேயிருந்து மாமியார்ப் புழு பேசினாள்.

“மாத்திரை வந்துச்சு டாக்டரம்மா. அலமாரியில பத்திரமா வச்சிருக்கோம். ஆடியில யாராவது வீடு மாறுவாங்களா? ஆவணி பொறந்ததும் நாங்களே கிளம்பிடுறோம்.”

“அதுவரைக்கும் வீடு நிக்காதும்மா.”

“நீங்க வீடு மாறினப்ப மட்டும் ஆடி கழியட்டும்னுதானே இருந்தீங்க?”

இருந்தாள்தான். மழைத்தண்ணீர் முழங்கால்வரை ஏறியும் அவள் பெட்டி கட்டவில்லை. அவள் தரையில் உட்கார்ந்தாள். ஜமீன் அவள் மடியில் தலையை வைத்தது. அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று கேட்கத் தோன்றியது.

“உங்க மருமகளுங்க எல்லாம் புதுசா?”

“புதுசுதான். வைகாசியில ஒரே பந்தல்ல கல்யாணத்தை முடிச்சோம்.”

“அப்ப ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பாம வச்சிருக்கீங்களே, ஊர் என்ன பேசும்?”

மாமியாரின் குரல் இறங்கி வந்தது. “அழைக்க யாரும் வரலையே டாக்டரம்மா.”

குமுதவல்லி கடைக்கு ஓடி வெற்றிலை பாக்கு, பூ, பழம் வாங்கிவந்து, தட்டில் வைத்து ஜமீனின் முன்னால் நீட்டினாள். மருத்துவமனைக்குப் பின்னாலிருந்த ஈரமண்தான் தாய்வீடு. மருமகள்கள் தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். மாப்பிள்ளைகள் ஆடி விருந்துக்குப் போனார்கள். சம்பந்தி மரியாதைக்காக மாமியாரும் போனாள். வீடு மாறுவதில்லை என்பதால் சாமான்களை யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் ஜமீன் ரஸ்க்கைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டது. பஸ்ஸுக்குத் துணையாக ஓடிவந்தபோது அதன் வயிற்றுக்குள் எவர்சில்வர் பாத்திரங்கள் கலகலவென்று மோதிக்கொண்டன. அந்தச் சத்தம் குமுதவல்லிக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது, நகரத்து நாய்கள் மருத்துவமனை வாசலில் வரிசையாக நின்றன. பத்துக்கு ஆறின் வாயில் தாம்பூலத் தட்டு இருந்தது. மிச்ச நாலும் நாயனம் வாசித்தன.