பஸ் ஸ்டாப்பில் முப்பத்தொரு கிலோ

அச்சங்குளம் பஸ் ஸ்டாப்பின் சிமெண்டு பெஞ்சில் சங்கிலிமுத்துவின் முப்பத்தொரு கிலோ ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறது. பிசைந்து வைத்த மைதா மாவின் நிறம். முகம் கிடையாது. தொப்பையும் பிடரி மடிப்பும் அவனுடையவைதான் என்று பார்த்ததும் தெரியும். போட்டிருப்பதும் அவனுடைய பழைய கட்டம்போட்ட சட்டைதான். சாத்தூர் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதன் மடியில் பையை வைத்துக்கொள்கிறார்கள். சித்திரை வெயிலில் அதன்மேல் சாய்ந்தால் குளுமையாக இருக்கிறது என்பது ஊரின் ஒருமித்த கருத்து. வெளியூர்க்காரர் யாராவது இது என்ன என்று கேட்டால், "அது நம்ம போர்மேனோட சதை" என்று சொல்லிவிட்டு பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள்.

அது அவன் உடம்பில் இருந்த காலத்தில் சங்கிலிமுத்து தொண்ணூற்று நான்கு கிலோ. பட்டாசு கம்பெனியில் போர்மேன். ஒரு நாளைக்கு ஒன்பது டீ, டீக்கு மூன்று கரண்டி சீனி, அது போக ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கொடுக்கும் லட்டும் மைசூர்பாகும். வெடிமருந்து அடைக்கும் மருந்து அறைக்கு நாலு பக்கமும் வாசல் வைத்திருப்பது ஓடுவதற்காகத்தான். வாசலுக்கு அகலம் குறித்தவர்கள் ஓடுகிறவனின் அகலத்தை யோசிக்கவில்லை போலிருக்கிறது. 2018 பங்குனியில் ஒரு அறை பற்றியபோது உள்ளே இருந்த மற்ற மூன்று பேரும் முற்றத்து வேப்பமரத்தைத் தாண்டி நின்றார்கள். இவன் வாசலிலிருந்து நாலு எட்டுதான் வந்திருந்தான். முதுகு வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மனைவி செல்வலட்சுமி அழவில்லை. "எல்லாரும் ஓடுனாகளாம். நீங்க ஓடுனீகளா, உருண்டீகளா?" என்று கேட்டாள். "அடுத்த மட்டமும் உருண்டீகன்னா நான் எந்தச் சாமியக் கும்புட?" அவன் வீடு திரும்பிய அன்றே சீனியை விட்டான்.

குண்டாக இருந்தவரை பூசணி என்று கூப்பிட்ட ஊர், இளைக்க ஆரம்பித்ததும் துக்கம் விசாரிக்க வந்தது. சுகர் முற்றிவிட்டது என்றார்கள்; பெண்டாட்டி சோறு போடுவதில்லை என்றார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? டீக்கடை புகழேந்தி, "சீனி போடாத டீய ஆத்த எனக்குக் கை வரமாட்டேங்குதுப்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் அரைக் கரண்டி போட்டான். சொந்தக்காரர் கல்யாண வீட்டில் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது ஆள் ஜிலேபியை வாயில் திணித்தார், பாசமாம். இவனும் லேசுப்பட்டவன் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்கி அதில் சீனி எவ்வளவு என்று உரக்கப் படித்தான். நல்ல காரியத்தைக் கெட்ட வாயால் செய்வதில் அவனுக்கு இணை அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

கம்பெனிக்குப் போக வர ஏழு கிலோமீட்டர். பஸ்ஸை விட்டு நடந்தே போனான். சதை இயல்பிலேயே சோம்பேறி. ஒரு வருடம் கூடவே நடந்து பார்த்தது. 2019-இல் ஒரு காலையில், இனி பஸ்ஸில்தான் வருவேன் என்பது போல பஸ் ஸ்டாப்பில் இறங்கி உட்கார்ந்துவிட்டது. சங்கிலிமுத்து அறுபத்து மூன்று கிலோவாக மேற்கொண்டு நடந்து போனான். திருநெல்வேலிப் பக்கம் தொலைத்துவிடலாம் என்று ஒருமுறை அதை பஸ்ஸில் ஏற்றினான். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார். இவன் திரும்பி வருவதற்குள் அது பெஞ்சில் இருந்தது. விருதுநகரில் ஜிம் வைத்திருக்கும் ஹரிபிரசாத் வந்து, அதன் தோளில் கைபோட்டு போட்டோ எடுத்து, தன் பவுடரைக் குடித்ததால் கழன்ற சதை என்று போஸ்டர் அடித்து ஒட்டினான். சங்கிலிமுத்து அந்தப் பவுடரைக் கண்ணால் பார்த்ததில்லை. டப்பாக்கள் நன்றாக விற்றன.

ஐந்து வருடம் ஒரு குறையும் இல்லை. கம்பெனியில் ஓட்டப் பயிற்சி வைத்தால் அவன்தான் முதலில் வேப்பமரத்தைத் தொடுவான். ஆறாவது வருடம் தை மாதத்தில் அந்தப் புத்திசாலி ஒரு உண்மையைக் கண்டுபிடித்தான்: கருப்பட்டி சீனி இல்லை. பனை மரத்திலிருந்து இறங்குகிற எதிலும் பாவம் இருக்காது என்பது இந்தச் சீமையின் வேதம். மைதாவைத் திட்டுவார்கள், பிராய்லர் கோழியைத் திட்டுவார்கள், கருப்பட்டியை மட்டும் மருந்து என்பார்கள். புகழேந்தி ஆனந்தமாகக் கருப்பட்டிக் காப்பி போட்டான். சாத்தூரிலிருந்து கருப்பட்டி மிட்டாய் கால் கிலோ, பிறகு அரைக் கிலோ வந்தது. "மருந்துதானே" என்றான் சங்கிலிமுத்து. "மருந்த வெடியில திணிக்கிறது பத்தாதா, வாயிலயுமா?" என்றாள் செல்வலட்சுமி. அவன் காதில் வாங்கவில்லை.

மாசியில் அது தானாகப் பெஞ்சை விட்டு எழுந்தது. ஐந்து வருடத்தில் முதல்முறை. பங்குனியில் டீக்கடை முன்னால் நின்றது. சித்திரையில் அவன் தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டி அருகே. ஊரே பார்த்தது, ஒருத்தரும் அவனிடம் சொல்லவில்லை. வேடிக்கை பார்க்கிற சுகத்தைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? அவனும் பார்த்தான், வெயிலுக்கு ஒதுங்குகிறது என்று சொல்லிக்கொண்டான். வைகாசி இரண்டாம் வாரம் அது கம்பெனி வாசலுக்கே வந்தது. போர்மேனின் பழைய சட்டையைப் போட்டிருந்ததால் வாட்ச்மேன் தடுக்கவில்லை. தீப்பெட்டியோ செல்போனோ இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

அன்று பதினோரு மணிக்கு, உலரப்போட்டிருந்த தரைச்சக்கரம் பற்றியது. அடுத்து மருந்து அறை. நாலு பேரும் ஓடினார்கள். சங்கிலிமுத்து ஓடிய வாசலுக்கு வெளியே அது நின்றது. பிடிக்க வரவில்லை. ரொம்ப நாள் கழித்து வந்த சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இரண்டு கையையும் விரித்தது, அவ்வளவுதான். நாலு மாதம் கருப்பட்டி தின்றதில் அவனுக்கு மூச்சு இரைத்தது. அந்த மாவுக் கைக்குள் ஒரு கணம் ஆசையாகக்கூட நின்றுவிட்டான். பின்னால் ஓடிவந்த, கூட வேலை பார்க்கும் மாரிசெல்வி, "போர்மேனே, போங்க!" என்று முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். அந்த முதுகு பழைய வேக்காட்டை மறக்கவில்லை. குனிந்து அதன் கக்கத்துக்குக் கீழே நுழைந்து ஓடினான். அறை வெடித்துப் போனது. வேப்பமரத்தை அவன் மூன்றாவதாகத் தொட்டான். அவனுக்காக நின்றதால் மாரிசெல்வி கடைசியாக வந்தாள். சேலைத் தலைப்பு கருகியிருந்தது. அவன் வெட்கப்பட்டான். நியாயமான வெட்கம்.

கண்டம் தப்பியவர் நாக்கில் சீனி வைப்பது இங்கே வழக்கம். சாயங்காலம் அவன் வீட்டு முன் பாதி ஊர் கூடிவிட்டது. அந்த மாரிசெல்வியே உள்ளங்கையில் சீனியோடு முன்னால் நின்றாள். "ஒரு துளிண்ணே. பொழைச்சு வந்துருக்கீக." கூட்டத்துக்குப் பின்னால், எல்லோர் தலைக்கும் மேலாகத் தெரியும்படி, அது நின்றது. மறுத்தால் அபசகுனம் என்றார் ஒருவர். நன்றி கெட்டவன் என்றார் இன்னொருவர். சங்கிலிமுத்து மாரிசெல்வியின் கருகிய தலைப்பைப் பார்த்தான். "ஒனக்காகத்தான் தாயி வேண்டாங்கேன்" என்றான். உள்ளே திரும்பி, "ஏளா, ரெண்டு கல்லு உப்பு கொண்டா" என்று கூப்பிட்டான். செல்வலட்சுமி கொண்டுவந்த உப்பை எல்லோரும் பார்க்க நாக்கில் வைத்துக்கொண்டான். வீட்டில் இருந்த கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தை அவள் எறும்புப் புற்றில் கொட்டினாள். ஊர் முணுமுணுத்தபடி கலைந்தது. கூட்டத்தோடு அதுவும் போனது.

மறுநாள் காலை அவன் கால் சுளுக்கியிருந்ததால் நடக்க முடியவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு வந்தான். பெஞ்சில் பழைய இடத்தில் அது இருந்தது. தான் உயிரோடு இருக்கிறவரை இது இங்கேதான் இருக்கும் என்பது அவனுக்கு அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. பஸ் வரக் கால் மணி நேரம் இருந்தது. அவன் பக்கத்தில் போய் நின்றதும், அது கொஞ்சம் நகர்ந்து உட்கார இடம் கொடுத்தது.