மறுவாட்டம்

விடியும் முன்பே அவள் மேசைக்கு வந்துவிட்டாள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் கொக்கிகளைத் துடைத்தாள். கிரீஸ் கட்டிப்போய் இரும்போடு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால்தான் வந்தது. விரல்கள் விறைத்துப்போயின. பாரம் தூக்கும் கொக்கிகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்ப்பது அவள் வேலை. பட்டறையில் எல்லோருக்கும் அவள் காந்தக்காரி.

கொக்கியின் மேல் காந்தத்தை வைத்து, பக்கத்தில் உணர்கருவியை நகர்த்த வேண்டும். விரிசல் உள்ள இடத்தில் காந்தம் கசியும், கருவி கத்தும். ஆனால் காந்தம் வைத்த திசையிலேயே, அதே வாட்டத்தில், விரிசலும் ஓடினால் கருவி வாயைத் திறக்காது. அதனால் குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை. இரண்டாவதற்குப் பட்டறையில் மறுவாட்டம் என்று பெயர். வளைவில் நெடுக்கே வைத்தால் காந்தம் வழுக்கும். ஒருவர் இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கருவியை ஓட்ட வேண்டும். ஒரு ஆள் சும்மா பிடித்துக்கொண்டு நிற்பது முதலாளியின் கண்ணை உறுத்தியது. பிடிக்கிற ஆளை வீட்டுக்கு அனுப்பினார். ஒரு வாட்டம் போதும் என்றார். அன்றிலிருந்து கத்தாத கொக்கியெல்லாம் நல்ல கொக்கி.

அப்படியொரு நல்ல கொக்கிதான் முறிந்தது. கீழே சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தவன் அவள் தங்கையின் புருஷன், நெட்டையன். எந்த வாசலிலும் தலையை இடித்துக்கொண்டு, கதவைத் திட்டிவிட்டுச் சிரிப்பவன். சாவு வீட்டில் தங்கை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார அவளுக்கும் தைரியம் வரவில்லை. அவன் போனது ஒரு துக்கம் என்றால், தங்கையைக் கட்டிக்கொண்டு அழ முடியாமல் போனது இன்னொரு துக்கம்.

அதன் பிறகு பட்டறை திறந்தது இன்றுதான். விடிந்ததும் முதலாளி வந்தார்.

"என்ன இன்னும் துடைச்சிக்கிட்டு? லாரி நிக்குது. மாட்டச் சொல்லு."

"மறுவாட்டம் பார்க்கணும் சார். எல்லாம் முறிஞ்சதோட சேர்ந்து வந்த கொக்கி."

"கருவி கத்துச்சா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன?"

"அன்னிக்கும் கத்தல சார்."

சங்கிலிக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு மேசைப் பக்கம் திரும்பினார்கள். முதலாளி திரும்பிப் பார்த்தார். பெயின்ட் அடிக்கும் பக்கத்திலிருந்து தங்கை வந்துகொண்டிருந்தாள். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கிறது என்று வேலைக்கு வந்திருந்தாள்.

"இதோ, உன் அக்காவையே கேளும்மா. அந்தக் கொக்கி சரியா இருக்குன்னு விட்டது யாருன்னு" என்றார் அவர்.

தங்கை மேசைக்கு எதிரே வந்து நின்றாள். "நீ பார்த்ததா அக்கா?"

"ஆமா."

"மறுவாட்டம்?"

"பார்க்கல. ஆள் இல்லாம எப்படிடி பார்க்கிறது? வேண்டாம்னு சொன்னாங்க. நானும் சரின்னுட்டேன்." கையிலிருந்த துணியை மேசையில் வைத்தாள். "என்னை மன்னிச்சிருன்னு கேட்கக்கூட வாய் வரலடி."

கிரேன்காரர் ஏணியில் பாதி ஏறியிருந்தார். அங்கிருந்தே சொன்னார்: "அவளை மட்டும் கேட்காதம்மா. கொக்கி சீக்கிரம் சீக்கிரமா வந்தப்ப, காத்திருக்க வேணாமேன்னு நாங்களும் சந்தோஷமாத்தானே மாட்டினோம்."

"பேச்சு போதும். இப்ப மேலே ஏறலைன்னா கேட்டைப் பூட்டிடுவேன். எல்லாரும் வெளியில நில்லுங்க" என்றார் முதலாளி.

கிரேன்காரர் கீழே இறங்கினார். "பூட்டிக்கோங்க சார். இதைப் பார்க்காம நான் ஏற மாட்டேன்."

சங்கிலிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கொக்கிகளைத் தூக்கிவந்து மேசையடியில் போட்டார்கள். மாட்டியிருந்தவற்றையும் கழற்றினார்கள். முதலாளி போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

காந்தக்காரி ஒரு கொக்கியை எடுத்து வைத்தாள். நெடுக்கே வைத்த காந்தம் வழுக்கியது. மறுபடி வைத்தாள், மறுபடி வழுக்கியது. அப்போது இரண்டு கைகள் வந்து காந்தத்தை அழுத்திப் பிடித்தன. நகக்கண்ணில் பெயின்ட் ஒட்டிய தங்கையின் கைகள்.

"ஓட்டு" என்றாள் தங்கை.

ஓட்டினாள். முதல் கொக்கியில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. அடுத்ததில், வளைவின் உள்பக்கம், கருவி வீறிட்டது.

கிரேன்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தங்கை உடைந்து அழுதாள்.

"இந்தச் சத்தம் அன்னிக்கே கேட்டிருந்தா அவரு இருந்திருப்பாரேக்கா..."

"இருந்திருப்பாருடி."

வாசலில் முதலாளி வெளியிலிருந்து கேட்டை இழுத்துப் பூட்டும் ஓசை கேட்டது. உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. தங்கை தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காந்தத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

கொக்கி தூக்கிவந்த சங்கிலிக்காரரிடம், "அடுத்ததை வைங்க அண்ணே" என்றாள்.