தேங்காய் நின்ற இடம்

1996இல் அன்னூர்ப் பக்கம் தண்ணீருக்குப் போர் போட நினைத்தவர்கள் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் உள்ளங்கையில் படுக்கவைத்த தேங்காய், அடியில் தண்ணீர் இருந்தால் தானாக எழுந்து நிற்கும்.

பக்கத்துத் தோட்டத்து நாச்சாத்தாள் அக்காவுக்குத் தண்ணீர் பார்க்கப் போனேன். எங்கள் இருவருக்கும் பொதுவான வரப்போரம், அவர் நிலத்தில், தேங்காய் விருட்டென்று எழுந்தது. எனக்கு இல்லாதது இவருக்கா என்று வயிறு எரிந்தது. அக்கா திரும்பி மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் கையைச் சாய்த்துத் தேங்காயைப் படுக்கவைத்தேன்.

“உங்க காட்டுல எங்கயுமே தண்ணி இல்லீங்கக்கா.”

அடுத்த வாரமே வரப்புக்கு இந்தப் பக்கம், என் நிலத்தில், போர் போட்டேன். தண்ணீர் பீச்சியடித்தது. ஒரே மாதத்தில் அக்காவின் கிணறு வற்றியது.

மாட்டை விற்ற அன்று அக்கா அதே வரப்போரம், அவர் நிலத்தில், என்னை நிறுத்தினார்.

“நீங்க மட்டும் சொல்லலீன்னா, நகைய வித்துப் போர் போட்டு ஏமாந்திருப்பனுங்க தம்பி. எங்கூட்டு மரத்துக் காய், வாங்கிக்குங்க” என்று ஒரு தேங்காயை என் கையில் வைத்தார்.

அது எழுந்து நின்றது.

சாய்க்க நினைத்தேன், கை அசையவில்லை. அக்கா தேங்காயைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“ஏனுங் தம்பி, தண்ணி இருந்தாத்தானுங்க அது நிக்கும்?”