தொட்டியில் ஒரு தூசு கிடையாது

ஆறு வாரமாகச் சிஸ்டர் எதுவிகெஸுக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

மெக்சிகோவின் பாட்ஸ்குவாரோ ஏரியில் அச்சோகே என்ற, பல்லி போன்ற நீர்வாழ் பிராணி அருகிக்கொண்டே வந்ததால், மடத்தின் பின்கட்டில் கண்ணாடித் தொட்டிகளில் வைத்து அவற்றைக் காப்பாற்றி வந்தார்கள். கழுத்தோரம் குஞ்சம் குஞ்சமாகச் செவுள், நாலு கால், எந்நேரமும் லேசான புன்னகை. மடத்து இருமல் மருந்துக்கும் அதுதான் மூலப்பொருள் என்பதால் காப்பாற்றுவதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

ஆணைப் பெண்ணோடு விட்டாயிற்று. தண்ணீர் குளிர்ந்தது. மண்புழு தாராளம். முட்டைதான் இல்லை. ஈஸ்டருக்குள் முட்டை வராவிட்டால் தொட்டிகளை வேறு சிஸ்டரிடம் கொடுத்துவிடப்போவதாக மதர் சொல்லிவிட்டார்.

"ரெண்டுக்கும் மனசு ஒத்துப்போகல போல," என்றாள் எதுவிகெஸ், மொரேலியாவிலிருந்து வந்திருந்த உயிரியல்காரன் எவரிஸ்தோவிடம். "சாயங்காலம் அவரு வாலை ஆட்டி ஆட்டிச் சுத்துறாரு. அவளும் பின்னாலயே போறா. காலைல பார்த்தா ஆளுக்கொரு மூலை."

"தொட்டிய யாரு சிஸ்டர் கழுவுறது?"

"நான்தான். விடிஞ்சதும் மொத வேலை. அடியில கெடக்குற கல்லு ஒவ்வொண்ணையும் தேய்ப்பேன். இப்பல்லாம் வெள்ளையா, சளி மாதிரி என்னமோ ஒட்டிக்குது. விடுவேனா? நகத்தால சுரண்டி எடுத்துருவேன்."

எவரிஸ்தோவின் காது சிவந்தது. கையிலிருந்த காகிதத்தைக் கவனமாகப் படித்தான். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அது வந்து சிஸ்டர்... இதுங்க ஒண்ணை ஒண்ணு தொட்டுக்காதுங்க. அவரு கல்லு மேல வச்சிட்டுப் போயிடுவாரு. அப்புறம் அவ வந்து எடுத்துக்கிட்டாத்தான் முட்டை."

"எதை?"

"அந்தச் சளியை."

எதுவிகெஸ் தன் நகத்தைப் பார்த்தாள்.

"தெனமுமா?"

"தெனமும்னு வச்சுக்குங்களேன். ரொம்பச் சுத்தமா இருந்துட்டீங்க."

மறுநாள் அவள் தொட்டியில் கையே வைக்கவில்லை. மதர் பார்வையிட வந்தார்.

"என்ன இது, கல்லுல வெள்ளையா? அழுக்கா?"

பொய் சொல்லக்கூடாது. உண்மையைச் சொல்ல எதுவிகெஸிடம் வார்த்தை இல்லை. மதர் அங்கியின் கையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் கையை விடப்போனார். மடத்தில் யாரும் செய்யாத காரியமாக, எதுவிகெஸ் மதரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பெண் அச்சோகே மெல்ல நடந்து வந்தது. கல்லின் மேல் கொஞ்சம் நின்றது. நகர்ந்தது. வெள்ளையைக் காணோம்.

மதர் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடடே! தானே சுத்தம் பண்ணிக்குதே! அப்புறம் எதுக்கும்மா நீ தெனமும் தேய்க்கிறே? இனிமே விட்டுடு."

இதற்குத் தலையாட்டினால் பொய்யா, இல்லையா என்று எதுவிகெஸுக்குப் புரியவில்லை. ஆட்டிவைத்தாள்.