இவர் பக்கம்

கனடாவிலிருந்து மகன் கீர்த்திகன் அனுப்பிய ஜீபிஎஸ் பெட்டியை ஓல்டோ காரின் முன் கண்ணாடியில் ஒட்டிவிட்டுச் சாவியைத் திருகினேன். அது கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு திரையில் ஒரு நீல அம்புக்குறி வந்து நின்றது. அதைச் சுற்றி ஒன்றுமில்லை. மடத்துவெளி இல்லை, புங்குடுதீவு இல்லை, கடல்கூட இல்லை.

"என்ன காட்டுது?" என்று பக்கத்து இருக்கையில் இருந்த இவர் கேட்டார்.

"ஒண்டும் காட்டேல்லை. வெறும் வெளியிலை நிக்கிறமாம்."

"சரியாத்தானே சொல்லுது. ஊரிலை இப்ப ஆர் இருக்கினம்?"

இவர் என்றால் என் வீட்டுக்காரர். தம்பையா என்று எழுதக் கை வரும், சொல்ல வாய் வராது. கீர்த்திகனுக்குப் போன் எடுத்தோம். அவன் சிரித்துவிட்டு, "அம்மா, உதிலை கனடா மப் மட்டும்தான் கிடக்குது போலை, நான் கவனிக்கேல்லை" என்றான். அவன் அங்கே பெரிய எஞ்சினியர். கோயில் திருவிழாவுக்கு வந்தவர்களின் கையில், கட்டிப்பிடித்துக்கொண்டு வரச்சொல்லிக் கொடுத்துவிட்டிருக்கிறான். கனடாவின் அத்தனை தெருக்களையும் மடத்துவெளியில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

"போனிலையே பாருங்கோவன்," என்றான் கடைசியில்.

போனில் பார்த்த கதை அவனுக்கும் தெரியும். போன முறை கொழும்புக்குப் போனபோது போனைத்தான் நம்பினேன். கொழும்புக்குள் நுழைந்த நேரம் பார்த்து, "எங்கை நிக்கிறியள்?" என்று கேட்க அவனே எடுத்தான். மப் மறைந்துவிட்டது. அவனை வைக்கச் சொன்னால் லண்டனிலிருந்து என் தங்கை எடுக்கிறாள். அதற்குள் இவர் தன் பழைய ஞாபகத்தில் வழி சொல்ல, நான் திருப்ப, அந்தத் தெரு இப்போது ஒருவழிப் பாதையாகிவிட்டிருக்க, பொலிஸ்காரர் மறிக்க, சுற்றிச் சுற்றி நாங்கள் போய்ச் சேரும்போது கண் டாக்குத்தர் வீட்டுக்குப் போய்விட்டார்.

போனது சும்மா பரிசோதனைக்கு இல்லை. இவருக்குக் கண்ணுக்குள் அழுத்தம். இடது கண் முழுதாகப் போய்விட்டது. வலது கண்ணில் முன்னால் நிற்கிற ஆளின் முகம் தெரியும், தோள் தெரியாது. அதற்கும் உடனே ஒப்பரேசன் செய்யாவிட்டால் மிச்சமும் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த டாக்குத்தரும் நாட்டை விட்டுப் போகப்போகிறார். போகமுன் இன்னும் ஒரு நாள் தந்திருந்தார். அன்றைக்கும் பிந்தினால் வேறு நாள் இல்லை.

ஆள் பிடித்து வான் ஓட்டுவிக்கலாம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். ஒருமுறை பிடித்தோம். இவர் புங்குடுதீவு முதலாளி ஒருவரின் லொறியைக் கொழும்புக்கும் தீவுக்கும் ஓட்டித் தலை நரைத்தவர். வானோட்டியின் பக்கத்தில் இருந்துகொண்டு ஒவ்வொரு வளைவுக்கும் அவனுக்குப் பாடம் எடுத்தார். அவன் கிளிநொச்சியில் தேத்தண்ணி குடிக்க இறங்கியபோதே என்னிடம், "அக்கா, இனிமேல் என்னைக் கூப்பிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டான். அதனால்தான் ஐம்பது கடந்த வயதில் நான் ஓட்டப் பழகினேன்.

பழக்கியவரும் இவர்தான். கோயிலடி வெளியில் வைத்து, கண் தெரியாமல், இஞ்சின் சத்தத்தைக் கேட்டே பழக்கினார். கோபம் வந்தால் பேசுவார், நானும் திருப்பிப் பேசுவேன். ஒரு பழக்கம் மட்டும் அவருக்கு மாறவில்லை. லொறியைத் திருப்பும்போது இடப்பக்கம் இருக்கிற கிளீனர், "என்ரை பக்கம் வாங்கோ அண்ணை, உங்கடை பக்கம் எடுங்கோ" என்று சொல்லுவானாம். அந்தப் பேச்சு இவர் காதில் ஏறிவிட்டது. இப்போது கிளீனரின் இருக்கையில் தான் இருந்துகொண்டு எனக்கும் அப்படியே சொல்லுவார். என்ரை பக்கம், உம்மடை பக்கம். நானும் அதைக் கேட்டுக் கேட்டே லைசென்ஸ் எடுத்து, கடலுக்குள்ளால் போகிற பாதையால் யாழ்ப்பாணம்வரை ஓடித் திரிந்தேன்.

கனடாப் பெட்டியை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, யாழ்ப்பாணம் டவுனில் வாகனச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனோம். வீட்டிலிருந்து வெளிக்கிட்டதிலிருந்து இவர் முகத்தை நீட்டிக்கொண்டு வந்தார். வேலணையைத் தாண்டும்போது ஏன் என்று கேட்டேன்.

"பெட்டி வாங்கினாப் பிறகு நான் என்னத்துக்கு? பின் சீற்றிலை இருக்கிறன். இல்லாட்டி டிக்கியிலை போடும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "போன முறை உங்கடை ஞாபகத்தாலை வந்த வினை காணும்," என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. மனிதர் பிறகு கடைவரை வாய் திறக்கவில்லை, பண்ணைச் சந்தியில் திரும்பச் சொல்ல மட்டும் திறந்தார்.

கடையை நடத்துகிறவள் கஜானி. நாற்பது வயதிருக்கும், பொறுமைசாலி. நான் கேட்டதும் மூன்று பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்று பெரிய திரை, ஒன்று நடுத்தரம், ஒன்று உள்ளங்கை அளவு. "பெரிசிலை பின்னுக்கு எடுக்கேக்கை கமரா காட்டும். நடுவிலை இருக்கிறது வேகம் கூடினாச் சத்தம் போடும். சின்னன் மப்பைத் தவிர ஒண்டும் காட்டாது, ஆனால் தொண்டை பெரிசு. மூண்டும் தமிழ் கதைக்கும். மூண்டுக்கும் ஆயுள் முழுக்க மப் இலவசம்."

"ஆருடை ஆயுள், பிள்ளை?" என்று இவர் கேட்டார்.

கஜானி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"பெட்டியின்ரை ஆயுள் எண்டு நினைக்கிறன், அண்ணை."

"அப்ப அது செத்தா மப்பும் சாகும். சரி. வெள்ளம் வந்து றோட்டு மூடினா அதுக்குத் தெரியுமோ?"

"அது... தெரியாது அண்ணை."

"மாடு படுத்திருந்தா?"

"இஞ்சாருங்கோ," என்றேன் நான்.

எனக்கோ தலை சுற்றியது. பெரியதை எடுத்தால் கண்ணாடியில் பாதி மறையும். நடுத்தரத்தை எடுத்தால் அது வேகத்துக்குக் கத்தும், அதைக் கேட்டு இவர் கத்துவார். சின்னதை எடுத்தால், இவ்வளவு தூரம் வந்து ஆகச் சின்னதையா எடுத்தாய் என்று ஊரில் கேட்பார்கள். ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை. செயற்கைக்கோள் எத்தனையைப் பிடிக்கும் என்று கஜானி சொல்லத் தொடங்கியதும், எனக்கு இருந்த கொஞ்ச விளக்கமும் போய்விட்டது.

"ஓடிப் பார்த்து எடுங்கோ அக்கா," என்று கஜானி தானே சொன்னாள். கடையை அடுத்த கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, பெட்டிகளோடு பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். இவர் முன்னால் ஏறிக் கையைக் கட்டிக்கொண்டார்.

"அது கதைக்கட்டும். நான் வாய் திறக்கமாட்டன்," என்றார்.

பெரிய பெட்டியை முதலில் ஒட்டினோம். கஜானி ஆஸ்பத்திரியை இடமாகக் கொடுத்தாள். கொஞ்சம் ஓடியதும் பெட்டி, "இடதுபுறம் திரும்பவும்" என்றது. திருப்பினேன். "மீண்டும் வழி கணக்கிடப்படுகிறது" என்றது. அடுத்த சந்தியில் வலதுபுறம் என்றது. திருப்பினேன். மறுபடி கணக்குப் பார்த்தது. அது சொல்வதைத்தானே நான் செய்கிறேன், இதற்கு என்ன கேடு என்று எனக்கு எரிச்சல் வந்தது.

"இது சரியில்லை, கழற்றும்," என்றேன்.

நடுத்தரத்தை ஒட்டினோம். அதற்கும் அதே வருத்தம். இடது என்றது, போனேன், கணக்கிட்டது. மணிக்கூட்டுக் கோபுரத்தை மூன்று பக்கத்தாலும் பார்த்துவிட்டோம். ஒரு ஓட்டோக்காரர் என்னைத் தாண்டிப் போகும்போது திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். அது நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. சின்னப் பெட்டியை ஒட்டினோம். அது தொண்டை பெரிய பெட்டிதான், கணக்கிடுவதையும் ஊர் கேட்கக் கத்திச் சொன்னது.

கஜானிக்கு முகம் வெளிறிவிட்டது. "மூண்டும் பழுதோ தெரியேல்லை, அக்கா. நேற்றுத்தான் ஒருத்தர் வாங்கிக்கொண்டு போனவர், நல்லாத்தான் வேலை செய்தது. ஆனால் அக்கா..." என்று இழுத்தாள்.

"என்ன ஆனால்?"

"அது இடதெண்டு சொல்லேக்கை நீங்கள் வலது பக்கமெல்லோ திருப்புறியள்."

"ஆர், நானோ?"

காரை ஓரம் கட்டினேன். சோறு தின்கிற கை எது, தின்னாத கை எது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு இடது எது என்று யோசித்தபோது ஒன்றும் வரவில்லை. இரண்டு கையும் ஒரே மாதிரி இருந்தன. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பயமாகவும் இருந்தது. கொழும்புக்கு இன்னும் நாள் அதிகமில்லை.

இவர் அப்போதுதான் கையைக் கட்டவிழ்த்தார்.

"பிள்ளை, உம்மடை பெட்டியிலை பிழையில்லை. இவவுக்கு நான் இடது வலது சொல்லிப் பழக்கேல்லை," என்றார். பிறகு என்னிடம், "இப்ப என்ன சொல்லிச்சுது அது? இடதெல்லோ? என்ரை பக்கம் திருப்பும்" என்றார்.

திருப்பினேன். பெட்டி வாயை மூடிக்கொண்டு இருந்தது. அடுத்த சந்தியில் அது வலதுபுறம் என்றது. நான் காத்திருந்தேன்.

"உம்மடை பக்கம்."

இப்படியே பெட்டி இவருக்குச் சொல்ல, இவர் எனக்குச் சொல்ல, ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றோம். ஓரக்கண்ணால் பார்த்தேன். காலையிலிருந்து தூக்கி வைத்திருந்த முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, கட்டிப்பிடிக்கவும் வேண்டும்போல் இருந்தது. கஜானி இருந்ததால் இரண்டையும் செய்யவில்லை.

"சின்னனை எடுக்கிறன்," என்றேன். "ஆனால் எனக்கு முன்னாலை வேண்டாம். இவருக்கு முன்னாலை ஒட்டும்."

"அக்கா, ஓட்டுறவை பார்க்கத்தானே அது. அண்ணைக்கு..." கஜானி மேலே சொல்லாமல் நிறுத்தினாள்.

"அவருக்குக் காது கேக்கும். நான் றோட்டைப் பார்க்கிறன்."

கொழும்புக்குப் போகிற அன்று இவர் பெட்டியோடு வழி நெடுகச் சண்டை பிடித்தார். ஆனையிறவில் இன்னும் நேராகப் போ என்று அது சொன்னபோது, "வேறை எங்கை போறது, உப்பளத்துக்குள்ளையோ?" என்றார். தம்புள்ளைக்குக் கிட்ட அது சொல்லுமுன்னே தான் சொல்லிவிட்டு, அதுவும் அதையே சொன்னதும், "பார்த்தீரோ?" என்று என் தொடையில் தட்டினார். ஆனால் அது சொன்னதை ஒருமுறைகூட எனக்கு மறைக்கவில்லை.

போன முறை வழி தவறிய அந்தச் சந்தி வந்தது. பெட்டி, "இடதுபுறம் திரும்பவும்" என்றது. இவரிடமிருந்து சத்தம் வரவில்லை.

"இஞ்சாருங்கோ, என்ன?"

"உம்மடை பக்கத்தாலை போனாத்தான் கிட்ட. எனக்கு நல்லாத் தெரியும். எத்தினை தரம் லொறி கொண்டு போன தெரு." பின்னால் வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. நான் அவருடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லாமல் என் கை திரும்பாது என்று அவருக்கும் தெரியும்.

"என்ரை பக்கம்," என்றார் மெல்ல.

டாக்குத்தர் வரமுன்னரே போய்ச் சேர்ந்துவிட்டோம். பெயரைப் பதிந்து, உடுப்பு மாற்றி, தள்ளு கதிரையில் ஏற்றினார்கள். ஒப்பரேசன் பின்னேரம், இரவு அங்கேதான் வைத்திருப்போம், துணைக்கு ஆள் நிற்க ஏலாது என்றார்கள். நான் வெள்ளவத்தையில் இருக்கிற மச்சாள் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் வரவேண்டும். இவர் என் முகத்துக்கு நேரே தன் வலது கண்ணைக் கொண்டுவந்து பார்த்தார். தோள் தெரியாது, முகம் தெரியும். "கவனமாப் போம்," என்று மட்டும் சொன்னார். கதிரையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

மச்சாள் வீட்டைக் கஜானி பெட்டிக்குள் போட்டே தந்திருந்தாள். காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தேன். அவ்வளவு காலமும் நான் தனியே ஓட்டியதே இல்லை என்று அப்போதுதான் நினைவு வந்தது. ஊர் ஒழுங்கைக்குள்கூட இல்லை.

"இடதுபுறம் திரும்பவும்," என்றது பெட்டி.

காத்திருந்தேன். பழக்கம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் ஒரு ஓட்டோ ஹோர்ன் அடித்தது, பிறகு இன்னொன்று. வாசல் காவலாளி கையைக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார், போகச் சொல்கிறாரா நிற்கச் சொல்கிறாரா விளங்கவில்லை. இரண்டு கையும் மறுபடி ஒரே மாதிரி ஆகிவிட்டன. அந்தக் கண் பிழைக்குமோ, இனி இந்த இருக்கையில் அவர் எப்படி வந்து இருப்பாரோ என்று நினைக்க அழுகை வந்தது, அழுதேன்.

பெட்டி மறுபடியும் சொன்னது. அந்தப் பெரிய தொண்டைச் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன். வெறும் இருக்கையில் இவர் தோளில் போடும் துவாய் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் தேத்தண்ணிப் போத்தல், மூடி சரியாகப் பூட்டாமல். ஒருநாளும் பூட்டமாட்டார்.

"உங்கடை பக்கம்," என்று துவாயைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திருப்பினேன்.

பெட்டி ஒன்றும் கணக்கிடவில்லை.