செம்புக் குழாய்

கற்பகவல்லியை யாரும் உட்காரச் சொல்லவில்லை. சிவகாசிப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு ரசாயனம் பரிசோதித்துக் கொடுக்கும் தனியார் ஆய்வகம் அது. அதன் மேலாளர் உக்கிரபாண்டி, அவள் நீட்டிய கடிதத்தை வாசிக்காமலே மேசையில் போட்டார்.

"தீவாளி சீசன்ல வந்து நிக்கிறீகளே, ஒங்களுக்கு வேற சோலியே இல்லையாம்மா?"

"ஒங்க முதலாளி கேட்டுத்தான் மதுரையிலருந்து சிலிண்டர் பாதுகாப்பப் பாக்க என்னய அனுப்பியிருக்காக சார். அதெல்லாம் எங்கன இருக்கு?"

பின்னறையில் இருந்தன. நைட்ரஜன் சிலிண்டர் சுவரோடு சங்கிலியால் கட்டப்படாமல் சும்மா நின்றது. ஆக்சிஜன் ரெகுலேட்டரின் மரையில், தீப்பிடிக்கக்கூடிய எண்ணெய்ப் பிசுக்கு. அவள் குறிக்கக் குறிக்க, உக்கிரபாண்டி முதுகுக்குப் பின்னால் நின்று, "எழுதுங்க, நல்லா எழுதுங்க" என்றார்.

சாம்பிள்களைச் சுடரில் சோதிக்க வைத்திருந்த அசிட்டிலின் சிலிண்டரின் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினாள். வாயு கசிந்து குமிழ் குமிழாக நுரைத்தது. "வால்வை அடைங்க" என்றாள். ஆய்வக ஊழியர் மணிமுத்து சாவி போட்டுத் திருகி அடைத்தார்.

நுரையை மெல்ல ஒற்றி எடுத்தபோது அவள் கை அப்படியே நின்றது. ரெகுலேட்டருக்கு அப்பால், ஒரு முழ நீளத்துக்கு எஃகுக் குழாய்க்குப் பதில் செம்புக் குழாய். அசிட்டிலினும் செம்பும் சேர்ந்தால் குழாய்க்குள் ஒரு படிவு உண்டாகும். அது காய்ந்துவிட்டால் லேசான தட்டுக்கே வெடிக்கும்.

"யாரு மாட்டுனது?"

"அந்தா நிக்கிறான்ல, அவன்தான். பேர எழுதிக்கோங்க" என்றார் உக்கிரபாண்டி.

மணிமுத்து தரையைப் பார்த்தபடி சொன்னார். "நான்தான் மாட்டுனேன் மேடம். எஃகுக் கொழா வேணும்னு மூணு தடவ கேட்டேன். இருக்கிறத மாட்டுலேன்னு சார்தான் சொன்னாக."

உக்கிரபாண்டியின் முகம் கறுத்தது. "ஏலே, என் முன்னாடியே சொல்லுதியா? இன்னும் பன்னெண்டு சாம்பிள் கெடக்கு. வால்வைத் தெற."

"தெறக்க மாட்டேன் சார்."

"அப்ப நாளைக்கு வராத. போ."

மணிமுத்து வால்வுச் சாவியைக் கற்பகவல்லியின் கையில் வைத்துவிட்டு, மதியச் சோற்றுப் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அவள் உக்கிரபாண்டியையும் வெளியே அனுப்பி அறையைப் பூட்டினாள். திறக்கக் கூடாது என்ற சிவப்பு வில்லையைக் கதவில் ஒட்டினாள். பக்கத்திலேயே நின்று உக்கிரபாண்டி அவள் அலுவலகத்துக்குப் போன் போட்டு, "மரியாத தெரியாத பொம்பளய அனுப்பியிருக்கீக" என்று கத்திக்கொண்டிருந்தார்.

பேருந்து நிறுத்தத்தில் மணிமுத்து நின்றிருந்தார். அவள் அருகே போனாள்.

"முதலாளிகிட்ட நான் பேசுறேன்ணே."

"சார் முன்னாடியே யாரு மாட்டுனதுன்னு கேட்டீகள்ல? தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா என்ன? ரெண்டு பிள்ளைகளோட நான் எங்கன போவேன்? பேச வேணாம், போங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு விருதுநகர் பேருந்தில் ஏறினார்.

அறிக்கையில் அவர் மூன்று முறை கேட்டதையும், மாட்டச் சொன்னது யார் என்பதையும் எழுதினாள். நான்கே நாளில் எஃகுக் குழாய் வந்தது. மேலாளர் மாறவில்லை. மணிமுத்துவைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை. அறிக்கையின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, வேறு இடத்தில் வேலை கேட்கும்போது காட்டச் சொல்லி அவருக்கு அனுப்பினாள். பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை.