நன்றியுரைக்குப் பின் வந்த எச்சரிக்கை

எங்கள் வெள்ளக்கடையின் ஊர்க் கூட்டங்களில் ‘நன்றி’ என்ற சொல் காதில் விழுந்ததுமே துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அதற்குமேல் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்பது எங்கள் வழக்கம். சேலத்திலிருந்து வந்த பயிர் ஆய்வாளர் ஹரிஹரனுக்கு இது தெரியாது.

காப்பிச் செடியில் விழும் பூச்சிக்கான மருந்தைப் பற்றி அவர் எழுதிய துண்டறிக்கையைச் சின்னராஜ்தான் ஊருக்குப் படித்துக் காட்டினார். எந்த அறிவிப்பு வந்தாலும் அவர் குரலில் கேட்டால்தான் எங்களுக்குப் புரியும். ஆய்வின் நோக்கம், முறை, முடிவு, கடைசியில் நிதி அளித்தோருக்கு நன்றி. கூட்டம் எழுந்தது. சின்னராஜும் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

நன்றிக்குக் கீழே, பொடி எழுத்தில், ‘குறிப்பு’ என்று ஒன்று இருந்தது: செடிகள் பூத்திருக்கையில் இம்மருந்து தெளிக்கப்படின் தேனீக்கள் இறக்க நேரிடும்.

கோடை மழையில் காப்பி பூத்தது. ஊரே மருந்தடித்தது; சின்னராஜும் அடித்தார். அவருடைய தேன்பெட்டிகள் அடங்கிப்போயின. நான் போனபோது அவர் மனைவி பாவாயி செத்த தேனீக்களைக் கூட்டி முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார்.

“ஊரைச் சொல்லிப் புண்ணியமில்லீங்க வாத்தியாரே,” என்றார் சின்னராஜ். “எம்பட வாயிலதானுங்க எல்லாருங் கேட்டாங்க.”

துண்டறிக்கையை வாங்கிப் படித்தேன். அதில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. அதுதான் என்னை எரித்தது. மறுநாளே பஸ் ஏறி ஹரிஹரனின் அலுவலகத்துக்குப் போனேன்.

“எல்லாம் எழுதியிருக்கேனுங்களே அய்யா. அவங்க முழுசாப் படிக்கலைன்னா நான் என்னங்க பண்றது?”

“இலையெடுத்த பிறகு சோத்தைக் கொண்டாந்து வெச்சா எவன் தம்பி உக்காந்திருப்பான்?”

ஆய்வுக் கட்டுரை எழுதும் முறையே அப்படித்தான் என்று அவர் முணுமுணுத்தார். உழவனுக்கு எழுதும்போது அந்த முறை எதற்கு என்று கேட்டேன். மாலைக்குள் இருவரும் அமர்ந்து திருத்தி எழுதினோம். முதல் வரி, பெரிய எழுத்தில்: பூத்திருக்கும்போது மருந்து அடிக்காதீர்கள்; தேனீக்கள் செத்துவிடும்.

அச்சாகி வந்த புதிய தாளை ஊர்க் கூட்டத்துக்கு நானே எடுத்துச் சென்றேன். வழக்கம்போல் அது சின்னராஜின் கைக்குப் போனது. அவர் முதல் வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அருகிலிருந்த முனியப்பனிடம் நீட்டினார்.

“எனக்குக் கண்ணு செரியாத் தெரியறதில்ல. நீயே படிச்சுரு.”

அன்று காலையில்தான், வளைவில் திரும்பிய பஸ்ஸின் பலகையைத் சின்னராஜ் தொலைவிலிருந்தே எனக்குப் படித்துச் சொல்லியிருந்தார். முனியப்பன் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார்.